உப்புக்காற்றில் கட்டடப் பணி: இராமநாதபுரம் கடற்கரையில் வேலையை நடத்தும் முறை

பல ஆண்டுகளுக்கு முன் உச்சிப்புளிக்கு அருகில் நான் மேற்பார்வை பார்த்த ஒரு வீட்டில், தரைத்தளத்தின் கூரை முடிந்த பிறகு மாடியின் அறை அமைப்பைப் பற்றி உரிமையாளரின் குடும்பத்தில் முடிவு ஏற்படாததால் வேலை நான்கு மாதங்கள் நின்றது. மாடித் தூண்களுக்காக விட்டுவைத்திருந்த கம்பிகள் அந்த நான்கு மாதங்களும் வாடைக்காற்றில் வெறுமையாக நின்றன. முடிவு வந்ததும், இழந்த நாட்களை ஈடுகட்டும் அவசரத்தில், கம்பியை லேசாகத் தேய்த்துவிட்டுப் பலகைப் பெட்டி அடைத்துக் கான்கிரீட் போட்டோம். எட்டாவது ஆண்டில் அந்தத் தூண்களின் அடிப்பகுதியில் நெடுக்காக விரிசல் விட்டு, கான்கிரீட் பாளம் பாளமாக உதிரத் தொடங்கியது. கொத்தனாரின் கைவேலையில் குறை சொல்ல முடியாது. சிமெண்டும் நல்ல சிமெண்டுதான். முடிவெடுக்காமல் கழிந்த நான்கு மாதங்கள்தான் அந்தத் தூண்களை அரித்தன என்பதை நான் அங்கே கற்றுக்கொண்டேன்.

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், இராமேசுவரம் தீவு, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எனக் கடலை ஒட்டியுள்ள ஊர்களில் சிறு ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கும், தளப் பொறியாளர்களுக்கும், லேபர் காண்ட்ராக்டில் வேலையை விட்டுத் தாமே பொருள் வாங்கிக் கட்டுகிற உரிமையாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். உள்நாட்டு ஊர்களில் வேலை நின்றால் பணமும் நாளும் வீணாகும்; இங்கே அவற்றோடு கட்டடத்தின் ஆயுளும் குறைகிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை உடைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிப்பதால், உள்ளிருந்து கான்கிரீட்டைப் பிளக்கிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டது இந்தக் காற்றின் கடுமையை அறிந்துதான். சாதாரண வீட்டுக்கும் கடைக்கும் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே, காத்திருப்பைக் குறைப்பதையே நமக்குக் கிடைத்த முதன்மையான காப்பாகக் கொண்டு வேலையை அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

வேலை தொடங்கும் தேதியைப் பணம் கிடைக்கும் நாளை வைத்து முடிவு செய்வதே வழக்கம். இந்தக் கடற்கரையில் காற்றையும் மழையையும் ஆட்களின் போக்குவரத்தையும் சேர்த்துப் பார்த்தே அதை முடிவு செய்ய வேண்டும். தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில், அதாவது ஏறத்தாழ வைகாசி முதல் ஆவணி வரை, மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் கரைகளில் கடல் கொந்தளித்து உப்புச்சாரல் உள்ளே வருகிறது. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காலத்தில் பாக் நீரிணைப் பக்கமுள்ள தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் பகுதிகள் அதே நிலைக்கு ஆளாகின்றன. மண்டபமும் தீவும் இரண்டையும் வாங்குகின்றன. எனவே கடைக்கால், பெல்ட் (கடைக்காலின் மேல் சுற்றிவரும் கம்பிக் கான்கிரீட் பீம்), தூண் ஆகிய கம்பி வேலைகளை உங்கள் கரை அமைதியாக இருக்கும் மாதங்களில் வைத்துக்கொண்டு, உள்பூச்சு, தரை, மின்வேலை போன்றவற்றைக் காற்றுக்காலத்துக்கு ஒதுக்குங்கள். மாதத்தை முழுமையாகத் தேர்ந்தெடுக்க எல்லோருக்கும் இயலாது என்பது எனக்குத் தெரியும். அப்படி இயலாதபோது, கம்பி வெளியில் நிற்கும் நாட்களையாவது குறைக்கும்படி வேலையைச் சிறு துண்டுகளாக்கிக்கொள்ளலாம்.

ஆட்கள் வரும் காலமும் இதே அளவு முக்கியமானது. முதுகுளத்தூர், கமுதி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கங்களிலிருந்து வரும் பெரியாட்களும் சித்தாட்களும் பெரும்பாலும் மானாவாரி நிலமுள்ள குடும்பத்தினர். மழைக்கு முந்திய விதைப்புக்கும், தையில் நெல்லறுப்புக்கும், அதன்பின் முண்டு மிளகாய்ப் பழம் எடுப்பதற்கும் அவர்கள் ஊருக்குப் போவார்கள், போகவும் வேண்டும். அதை ஒழுங்கீனம் என்று திட்டுகிற ஒப்பந்ததாரர்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் நடப்பதை முன்கூட்டிக் கணக்கில் எடுக்காதது நிர்வாகத்தின் குறையே தவிர ஆட்களின் குறை ஆகாது. மேஸ்திரியை உட்காரவைத்து, யார் எந்த மாதத்தில் இருக்க மாட்டார்கள் என்பதை வேலை ஒப்புக்கொள்ளும் நாளிலேயே எழுதி வாங்குங்கள். தீவுக்குள் வேலை செய்பவர்கள் ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். லாரிகள் தீவுக்குள் செல்ல இருப்பது ஒரே சாலைப்பாலம். யாத்திரிகர் கூட்டத்தில் அது நெரியும் நாளில் ஜல்லி லாரியை எதிர்பார்த்து ஆட்களை வரச்சொல்வது ஒருநாள் கூலியை வீணடிப்பதாகும்.

அனுமதியைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். கடல் ஏறிவரும் உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரையிலான பகுதி கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறது. மனை அதற்குள் இருக்கிறதா, இருந்தால் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்பதை எழுத்தில் தெரிந்துகொள்ளும் முன் ஒரு கட்டுக் கம்பிகூட மனையில் இறங்கக் கூடாது. அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் இரும்பு கடையிலேயே இருக்கட்டும்.

முடிவுகளுக்குத் தேதி வையுங்கள்

கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் உரிமையாளர்கள் பலர் வளைகுடா நாடுகளிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். வீடு இங்கே, முடிவெடுப்பவர் அங்கே, பணம் கொடுப்பவர் இன்னொருவர், மனையில் நின்று பார்ப்பவர் வயதான தகப்பனார் என்று பொறுப்பு நான்காகப் பிரிந்து கிடக்கிறது. வேலை நிற்பதற்கு நான் கண்ட காரணங்களில் பொருளும் ஆளும் இல்லாமையைவிட முடிவு இல்லாமையே மிகுதி. சமையலறையின் தொட்டி எந்தச் சுவரில் வரும், குளியலறைக்குக் குழாய் எங்கே இறங்கும், படிக்கட்டு உள்ளேயா வெளியேயா, மாடியில் எதிர்காலத்தில் இன்னொரு தளம் வருமா என்பவை தீராமல் கம்பி கட்டத் தொடங்கினால், கட்டிய கம்பியை அவிழ்க்கவோ போட்ட தளத்தை உடைக்கவோ நேரிடுகிறது. தளத்தை உடைத்துக் குழாய் விடும் ஒவ்வொரு துளையும் உப்பு நுழைவதற்கு நாமே திறந்துவிடும் வாசல்.

ஒப்பந்தம் எழுதும் நாளில், விலைப்பட்டியலோடு முடிவுப்பட்டியல் ஒன்றையும் எழுதுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே, அதை யார் சொல்ல வேண்டும், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், தவறினால் எந்த வேலை நிற்கும் என்பதைக் குறிக்க வேண்டும். கடைக்காலுக்கு வானம் தோண்டும் முன் தூண்களின் இடமும் வருங்கால மாடியும் முடிவாகியிருக்க வேண்டும். கூரைக்குச் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) அடிக்கும் முன் மின்விசிறி, விளக்கு, குழாய் இடங்கள் முடிவாகியிருக்க வேண்டும். தரைக்கல்லின் நிறம் அதுவரை காத்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் பேசி முடித்ததை அன்றே இரண்டு வரியில் எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கி, அதைத் தளக் குறிப்பேட்டில் தேதியோடு ஏற்றுங்கள். சதுர அடிக் கணக்கில் பேசியவர்கள், தண்ணீர்த்தொட்டி, கழிவுத்தொட்டி, சுற்றுச்சுவர், முகப்பு வேலை ஆகியவை அந்தக் கணக்குக்குள்ளா வெளியேயா என்பதை முதல் நாளிலேயே பிரித்து எழுத வேண்டும். பாதி வேலையில் எழும் மனக்கசப்பில் பெரும்பங்கு இந்த நான்கிலிருந்துதான் தொடங்குகிறது.

பணத் தவணைகளையும் மாதத் தேதியோடு கட்டாமல் வேலையின் நிலையோடு கட்டுங்கள். கூரைக்கான தவணை, சென்ட்ரிங் தொடங்கும் முன் ஒப்பந்ததாரர் கைக்கு வந்துவிட வேண்டும். கம்பி கட்டி முடித்த பிறகு பணத்துக்காக மூன்று வாரம் நிற்கும் கூரைகளைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் சேமித்ததாக உரிமையாளர் நினைக்கும் அந்த மூன்று வார வட்டியைப் போலப் பன்மடங்கைப் பின்னாளில் பழுதுபார்ப்புக்குக் கொடுக்கப்போகிறவர் அவரே.

சனிக்கிழமைக் கணக்கு

அமெரிக்காவில் கிளென் பேலார்டு, கிரெக் ஹோவெல் ஆகிய இருவரும் 1990களில் கட்டுமானத் தளங்களை ஆராய்ந்தபோது, ஒரு வாரத்துக்கென்று திட்டமிட்ட வேலைகளில் ஏறத்தாழப் பாதிதான் அந்த வாரத்துக்குள் முடிகின்றன என்று கண்டார்கள். அதிலிருந்து அவர்கள் வளர்த்த திட்டமுறையின் கரு எளியது: நாளை யார் எதைச் செய்வது என்று கடைசியாகச் சொல்பவர் எவரோ அவரிடமே உறுதிமொழி வாங்க வேண்டும்; ஆயத்தமில்லாத வேலையை அவர் ஒப்புக்கொள்ளவே கூடாது. நம் ஊரில் அந்தக் கடைசி மனிதர் மேஸ்திரி. அலுவலகத்தில் வரைந்த அட்டவணையை அவரிடம் நீட்டுவதால் பயனில்லை. அவரையே பேசவைக்க வேண்டும்.

சம்பளம் போடும் சனிக்கிழமை மாலை இதற்கு ஏற்ற நேரம். கொத்தனார் மேஸ்திரி, கம்பி மேஸ்திரி, சென்ட்ரிங்காரர், மின்வேலைக்காரர், குழாய் வேலைக்காரர் ஐவரும் அரை மணி நேரம் ஒன்றாக உட்கார வேண்டும். வரும் வாரத்தில் எவையெவை முடியும் என்று ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்ல, அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதும் முன் ஒவ்வொரு வேலைக்கும் இவற்றைக் கேளுங்கள்: முந்திய வேலை முடிந்துவிட்டதா, பொருள் மனையில் இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா, முடிவு வந்துவிட்டதா, சோதித்த தண்ணீர் இருக்கிறதா. ஒன்றுக்கேனும் "ஆம்" என்ற பதில் இல்லையென்றால் அந்த வேலை அந்த வாரத்தில் சேராது. அந்தத் தடையை நீக்குவதே உங்கள் அந்த வார வேலை. அடுத்த சனிக்கிழமை, பத்தில் ஆறு முடிந்திருந்தால் 60 விழுக்காடு என்று எழுதி, முடியாத நான்குக்கும் காரணத்தை ஒரே சொல்லில் குறியுங்கள். யாரையும் கடிந்துகொள்வதற்காக இதைச் செய்யக் கூடாது. கடிந்துகொண்டால் அடுத்த வாரம் பொய்யான எண்ணிக்கை வரும். ஆறு வாரம் ஆனதும் காரணங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை வேரோடு தீர்க்க முயலுங்கள்.

அந்த விழுக்காட்டோடு கடற்கரைக்கென்று இன்னொரு எண்ணையும் நான் எழுதிவருகிறேன். கம்பி மனையில் இறங்கிய நாளுக்கும் கான்கிரீட்டுக்குள் மறைந்த நாளுக்கும் இடையே எத்தனை நாட்கள் என்பதே அது. இந்த எண் வாரந்தோறும் கண்முன் இருந்தால், பொருள் வாங்குவதிலும் ஆட்களை அழைப்பதிலும் ஒழுங்கு தானாக வரத் தொடங்குகிறது. கம்பியைத் தரையில் போடாமல் மரத்துண்டுகளின் மேல் அடுக்கி, தார்ப்பாயால் மூட வேண்டும். எதிர்காலத் தூணுக்காக விடும் கம்பிகளுக்குச் சிமெண்டுப் பால் பூசிவைப்பது தற்காலிகக் காப்பு. மீண்டும் வேலை தொடங்கும்போது அதைக் கம்பித்தூரிகையால் முழுக்க நீக்கி, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, பொறியாளர் பார்த்த பிறகே பெட்டி அடைக்க வேண்டும்.

தண்ணீரே முதல் பொருள்

சிமெண்டின் பெயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். தண்ணீரை வருகிற லாரியின் நம்பிக்கையில் விட்டுவிடுகிறோம். நம் கரையில் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும், கான்கிரீட்டில் எல்லாப் பொருள்களின் வழியாகவும் சேரும் குளோரைடு ஒரு கனமீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்கிறது. ஒரு கனமீட்டருக்கு 150 லிட்டர் தண்ணீர் சேர்க்கிறோம் என்று வையுங்கள். லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் குளோரைடுள்ள உவர்நீர் என்றால், தண்ணீர் மட்டுமே 0.75 கிலோவைக் கொண்டுவந்து விடுகிறது. மணலும் ஜல்லியும் கொண்டுவருவது வேறு. கடலில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம். கடற்கரை மணலைக் கலவையில் ஏன் தொடக் கூடாது என்பதற்கு அந்த ஒரு எண்ணே போதும்.

செய்ய வேண்டியது இதுதான். வேலை தொடங்கும் முன் தண்ணீர் எடுக்கப்போகும் கிணற்றையோ லாரிக்காரரின் ஊற்றையோ முடிவு செய்து, மாதிரியை மாவட்டத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துக் குளோரைடு அளவை எழுத்தில் வாங்குங்கள். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை அளக்கும் கையடக்க டிடிஎஸ் கருவி அதே மாதிரியில் காட்டும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு லாரி வந்ததும் கருவியை நனைத்துப் பார்த்து, எண் கணிசமாக ஏறியிருந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். நாக்கில் வைத்துப் பார்ப்பது போதாது. உப்புத் தண்ணீரைக் குடித்துப் பழகியவர்களுக்கு ஓரளவு உப்பு தெரிவதே இல்லை. இன்னொன்று: கலவைக்கு நல்ல தண்ணீர் வாங்கிவிட்டு, செங்கல் நனைக்கவும் தளத்தை ஆற்றவும் ஆழ்குழாய் உவர்நீரை ஊற்றுகிறார்கள். அது நாள்தோறும் வெயிலில் வற்றி உப்பைக் கான்கிரீட்டின் மேல் சேர்த்துக்கொண்டே போகிறது. ஆற்றும் தண்ணீரும் அதே சோதித்த தண்ணீராக இருக்க வேண்டும். வெயில் காலத்தில் குறைந்தது 10 நாளும், பிபிசி (சாம்பல் கலந்த சிமெண்டு) அல்லது கசடுச் சிமெண்டு (உலைக்கசடு கலந்தது) என்றால் 14 நாளும் ஆற்ற வேண்டும். இந்தத் தண்ணீருக்கான செலவை மதிப்பீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். காட்டாத செலவைத்தான் பின்னால் யாரும் செய்ய மாட்டார்கள்.

கூரை போடும் நாளை ஒத்திகை பாருங்கள்

கடற்காற்று படும் கம்பிக் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 கேட்பது எம் 30 தரம் (28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் வலிமை), ஒரு கனமீட்டருக்கு 320 கிலோவுக்குக் குறையாத சிமெண்டு, சிமெண்டின் எடையோடு ஒப்பிட்டால் 0.45ஐத் தாண்டாத தண்ணீர் விகிதம், 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம். உப்புச்சாரல் நேரே தெறிக்கும் இடங்களில் இது எம் 35, 340 கிலோ, 50 மில்லிமீட்டர் என்று உயர்கிறது. இந்த எண்களை மேஸ்திரியின் மொழிக்கு மாற்றிக் கொடுப்பது உங்கள் கடமை. 50 கிலோ மூட்டைக்கு 0.45 விகிதம் என்றால் இருபத்திரண்டரை லிட்டர் தண்ணீர். ஈர மணலில் இருக்கும் தண்ணீரையும் இதிலேயே கழிக்க வேண்டும். அந்த அளவுக்குக் கோடிட்ட வாளி ஒன்றை மிக்சர் அருகே வைத்துவிட்டால், "கொஞ்சம் தளர்த்தி விடுப்பா" என்ற குரலுக்கு வாளியே பதில் சொல்லும். கலவை இறுக்கமாக இருந்து வைப்ரேட்டர் (அதிர்வால் கலவையைப் படியவைக்கும் கருவி) ஏறவில்லையென்றால், தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசரைப் பொறியாளர் குறித்த அளவில் சேர்க்க வேண்டும். கவர் கட்டைகளைக் கூரைக்குப் பயன்படும் அதே தரக் கலவையில் முன்னதாகவே வார்த்து ஆற்றிவையுங்கள். கம்பிக்கடியில் ஜல்லித்துண்டு சொருகுவதை ஒருமுறைகூட அனுமதிக்காதீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடிக் கூரை, ஐந்து அங்குலக் கனம், பீம்கள் தனி என்றால் கான்கிரீட் சுமார் 12 கனமீட்டர். கனமீட்டருக்கு ஆறரை மூட்டை வைத்தாலும் ஏறத்தாழ 80 மூட்டை, அதாவது ஒரு மூட்டை மிக்சரில் 80 கலவை. ஒரு கலவைக்கு நான்கு நிமிடம் என்றால் ஐந்து மணி இருபது நிமிடம். காலை ஆறு மணிக்கு முதல் கலவை விழுந்தால் வெயில் உச்சிக்கு ஏறுமுன் வேலை முடியும். தண்ணீர் லாரி பத்து மணிக்கு வருவதாக இருந்தால் அந்தி வரை இழுத்து, ஆட்கள் களைத்த நேரத்தில் கடைசிப் பகுதி விழும். எனவே முந்திய நாள் மாலையே எல்லாம் மனையில் இருக்க வேண்டும்: தண்ணீர் தொட்டியில், சிமெண்டு கூரையடியில் பலகை மேல், ஜல்லியும் எம்சாண்டும் அளந்து குவிக்கப்பட்டு, மாற்று வைப்ரேட்டர் ஓட்டிப் பார்க்கப்பட்டு, மழை வந்தால் மூடப் பாலித்தீன் விரிப்பு எடுத்துவைக்கப்பட்டு. அன்று மாலை பொறியாளரும் மூன்று மேஸ்திரிகளும் கம்பியின் மேல் ஒன்றாக நடந்து, கவர், முட்டு, மின்குழாய், பெட்டியின் இடுக்குகள் ஆகியவற்றைப் பார்த்துக் குறிப்பேட்டில் கையொப்பமிட வேண்டும். ஒருவர் கையொப்பமிடவில்லை என்றாலும் மறுநாள் மிக்சர் ஓடக் கூடாது. 6 முதல் 15 கனமீட்டர் வரையிலான வேலைக்கு இரண்டு மாதிரிகள், மாதிரிக்கு மூன்றாக ஆறு சோதனைக் கட்டைகள் வார்த்து 28ஆம் நாள் சோதிக்கக் கொடுங்கள். முட்டுகளை நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள் வரையிலும், ஆறு மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள் வரையிலும் தொடக் கூடாது. இவை சாதாரண போர்ட்லாண்டு சிமெண்டுக்கான குறைந்தபட்ச நாட்கள். பிபிசி அல்லது கசடுச் சிமெண்டு என்றால் பொறியாளர் சொல்லும் அளவுக்குக் கூடுதலாக விட வேண்டும். சென்ட்ரிங் பலகை வேறு மனைக்கு வேண்டும் என்ற அவசரம் இதை மாற்றக் கூடாது.

ஆட்கள்

திறன் உயர வேண்டுமென்று பேசும் கூட்டங்களில் கழிப்பறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாள் முழுவதும் சட்டி சுமக்கும் சித்தாள் பெண்கள், ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். வேலை தொடங்கும் முதல் வாரத்தில் மறைப்பும் தண்ணீரும் உள்ள தற்காலிகக் கழிப்பறை கட்டுவதை எந்த ஒப்பந்தத்திலும் முதல் இனமாக எழுதுங்கள். சித்திரை, வைகாசியில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெளிவேலையை நிறுத்தி, அதிகாலையில் தொடங்குங்கள். சாரம் கட்டும் கயிறு ஈரக்காற்றில் விரைவில் நைந்துபோவதால், திங்கள்தோறும் முடிச்சுகளையும் சவுக்குக் கழிகளையும் ஒருவர் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே யாரும் மேலே ஏற வேண்டும். மிக்சருக்கும் வைப்ரேட்டருக்கும் செல்லும் மின்இணைப்பில் 30 மில்லிஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் தளத்தில் வேலை செய்பவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லாதவர்களுக்கு ஒரு நாளை ஒதுக்கிப் பதிவுக்கு உதவுங்கள். இப்படி நடத்தப்படும் தளத்துக்கு அறுப்பு முடிந்ததும் அதே ஆட்கள் திரும்பி வருகிறார்கள். பழகிய ஆட்கள் திரும்பி வருவதைவிடப் பெரிய வேகம் எந்த இயந்திரத்தாலும் கிடைத்ததில்லை என்பது என் அனுபவம்.

வேலை முடிந்து சாவியைக் கொடுக்கும் நாளில் தளக் குறிப்பேட்டின் படி ஒன்றையும் உரிமையாளரிடம் கொடுங்கள். தண்ணீர் ஊற்று, கட்டைச் சோதனை முடிவுகள், ஒவ்வொரு தூணும் பீமும் வார்த்த தேதி, கவர் அளவு, குழாய்களும் மின்கம்பிகளும் ஓடும் இடங்களின் படங்கள் அதில் இருக்க வேண்டும். முதல் பக்கத்தில், ஆண்டுக்கு ஒருமுறை மழை முடிந்ததும் சன்ஷேடின் அடிப்பகுதி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், கடலைப் பார்த்த தூண்கள் ஆகியவற்றில் பழுப்புக் கறையோ கம்பியின் போக்கிலேயே ஓடும் மயிரிழை விரிசலோ தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லி எழுதிவையுங்கள். தெரிந்தால் மேலே பூசி மறைக்காமல் அந்த மாதமே பொறியாளரை அழைக்க வேண்டும் என்பதையும் அதற்குக் கீழே எழுதுங்கள்.